ரிசால்வர் சொற்களுக்குக் குழப்பமில்லாத வரையறை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"ரிசால்வர் பதில் தரவில்லை, ரீஸ்டார்ட் செய்யவும்." ஒரு ஷிஃப்ட் குறிப்பேட்டில் நான் எழுதிவைத்துப் போன வரி இது. பொதுவாகச் சொன்னால் ரிசால்வர் என்பது, இணையப் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் டி.என்.எஸ். (பெயர்-முகவரி அமைப்பு) மென்பொருள். நான் சொன்னது கேஷ் (கிடைத்த விடைகளைச் சேர்த்துவைக்கும் நினைவகம்) வைத்திருக்கும் பெரிய சர்வரை. இரவு வேலைக்கு வந்தவருக்கு ரிசால்வர் என்றால், எல்லா லேப்டாப்பும் முதலில் போய்க் கேட்கிற சின்னப் பெட்டி. அவர் அதை ரீஸ்டார்ட் செய்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஐந்து நிமிடம் நின்றது; கெட்டுப்போயிருந்தது கெட்டபடியே கிடந்தது. அவர் மேல் தப்பில்லை. இரண்டையும் ரிசால்வர் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.

அதன் பிறகுதான் எங்கள் குழுவுக்கென்று ஒரு சொற்பட்டியல் எழுத உட்கார்ந்தேன். முதல் இரண்டு முறை எழுதியதைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. மூன்றாவது முறை நின்றதற்குக் காரணம், எழுதிய வரிசையை மாற்றியதுதான். பயிற்சிக் குறிப்போ, இயக்கக் கையேடோ, உள் ஆவணமோ எழுதப்போகிறவர்களுக்கு அந்த வரிசையை இங்கே தருகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், நீங்களே நடத்தும் ஒரு ரிசால்வர். ஒரு சோதனை மெஷினில் அன்பவுண்ட் அல்லது பைண்ட் என்ற ரிசால்வர் மென்பொருளை நிறுவினால் போதும். பொது ரிசால்வர் ஒன்றை வைத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். அதில் நீங்கள் கேட்பதும் அது சொல்வதும் மட்டும் தெரியும்; பின்பக்கம் அது யாரிடம் போய் என்ன கேட்டது என்பது தெரியாது. பாதிச் சொற்கள் அந்தப் பின்பக்கத்தைப் பற்றியவை.

இரண்டாவது, டி.என்.எஸ். சர்வரிடம் கேட்டுப் பதிலைத் திரையில் காட்டும் டிக் கருவி. மூன்றாவது, 53-ஆம் போர்ட்டில் போய்வரும் பாக்கெட்டுகளைப் பிடிக்க டிசிபி-டம்ப் அல்லது வயர்ஷார்க்.

படிக்க வேண்டியவை மூன்று: 1987 நவம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. (இணைய நெறிமுறை ஆவணம்) 1034, 1035, 2024 மார்ச்சில் வந்த ஆர்.எஃப்.சி. 9499. கடைசியாகச் சொன்னது டி.என்.எஸ். சொற்களுக்கென்றே எழுதப்பட்டது. 2015-இல் 7719, 2019-இல் 8499, இப்போது 9499 என்று அது இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. யாராவது பழைய எண்ணைக் காட்டி வாதாடினால் புதியதைத் திறந்து பாருங்கள். ஒரு எச்சரிக்கை: அதை அகராதி மாதிரி நினைத்துப் போகாதீர்கள். சில சொற்களுக்கு, "இதை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துகிறார்கள்" என்பதுதான் அது தரும் பதிலே.

கடைசியாக, மூன்று பத்தி (நெடுவரிசை) உள்ள ஒரு தாள். முதல் பத்தியில் சொல். இரண்டாவதில் வரையறை. மூன்றாவதில், பாக்கெட்டில் எதைப் பார்த்தால் இதை உறுதிசெய்யலாம் என்பது. மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் சொல் இன்னும் வரையறுக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கிழித்துப் போட்ட இரண்டு பட்டியல்களிலும் இந்தப் பத்தியே கிடையாது.

2. தமிழாக்குவதா, அப்படியே வைப்பதா என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள்

பாதி எழுதிய பிறகு இதை மாற்றினால் முழுப் பட்டியலையும் திரும்ப எழுத வேண்டிவரும். அதனால்தான் இது இரண்டாவது படி.

என் முடிவு இது: திரையிலும் கான்ஃபிக் கோப்பிலும் கண்ணில் படும் சொல்லை ஒலிபெயர்த்து வைக்கிறேன், விளக்கத்தைத் தமிழில் எழுதுகிறேன். ரிகர்சிவ், இட்டரேட்டிவ் என்ற ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும்போது ஒன்றைத் தற்சுழற்சி என்றும் மற்றதைச் சுழற்சி என்றும் சொல்வார்கள். அந்தச் சொற்களை இங்கே கொண்டுவந்தால் புதியவர், தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் செயற்கூற்றைத் தேட ஆரம்பித்துவிடுவார். டி.என்.எஸ்.-இல் அப்படி எதுவும் நடப்பதில்லை. "எனக்காக நீயே போய்க் கேட்டு வா" என்பது ரிகர்சிவ். "யாரிடம் கேட்கலாம் என்று மட்டும் சொல், நானே போகிறேன்" என்பது இட்டரேட்டிவ்.

ஒரே ஒரு இடத்தில் தமிழ் நமக்குக் கூடுதல் வசதி தருகிறது. வினவல், கேள்வி என்று இரண்டு சொற்கள் கைவசம் இருக்கின்றன. போய்ச்சேரும் முழுச் செய்தியை வினவல் என்று வையுங்கள். அதற்குள்ளே பெயர், வகை, வகுப்பு என்று மூன்று விவரம் அடங்கிய சிறு பகுதி இருக்கிறதே, அதைக் கேள்வி என்று வையுங்கள். இந்தப் பிரிவினை பின்னால் பல இடங்களில் கைகொடுக்கும். ஏனென்றால் பதில் செய்தியிலும் அதே கேள்விப் பகுதி திரும்பி வருகிறது.

3. ரிசால்வரில் தொடங்காதீர்கள், பிட்டுகளில் தொடங்குங்கள்

புதியவர்கள் எல்லோரும் செய்யும் முதல் தவறு இது. பட்டியலின் முதல் வரியில் "ரிசால்வர் என்பது..." என்று ஆரம்பிப்பார்கள். அதை விளக்க ரிகர்சிவ் என்ற சொல் வேண்டும். ரிகர்சிவை விளக்க ரெஃபரல் (வேறு சர்வரைக் கைகாட்டும் பதில்) வேண்டும். ரெஃபரலை விளக்கப் போனால், "ரிசால்வருக்கு வரும் பதில்" என்று எழுதிவைத்திருப்பார்கள். வட்டம் முடிந்தது, யாருக்கும் எதுவும் புரியவில்லை.

வேறு எந்தச் சொல்லையும் சாராமல் காட்டக்கூடியது செய்தியின் தலைப்புப் பகுதி மட்டும்தான். 12 பைட். அதில் இருக்கும் சில பிட்டுகளை மட்டும் முதலில் எழுதுங்கள்.

கியூ.ஆர்.: 0 என்றால் வினவல், 1 என்றால் பதில்.

ஆர்.டி.: கேட்பவர் வைப்பது. 1 என்றால், "நீயே முழுக்கத் தேடித் தா" என்ற விருப்பம். சர்வர் இதைப் பதிலிலும் அப்படியே திருப்பி அனுப்பும்.

ஆர்.ஏ.: பதில் சொல்பவர் வைப்பது. 1 என்றால், "அப்படித் தேடித் தரும் சேவை என்னிடம் உண்டு".

ஏ.ஏ.: 1 என்றால், "இந்தப் பெயருக்கு நானே அதிகாரபூர்வம்".

டி.சி.: 1 என்றால் பதில் இடம் போதாமல் வெட்டுப்பட்டிருக்கிறது, வழக்கமான யு.டி.பி.-க்குப் பதில் டி.சி.பி. வழியாகத் திரும்பக் கேட்க வேண்டும்.

ஏ.டி., சி.டி. இரண்டும் டி.என்.எஸ்-செக் (பதிலின் கையொப்பத்தைச் சோதிக்கும் முறை) சரிபார்ப்பைச் சேர்ந்தவை. அவற்றை 9-ஆம் படிக்கு ஒத்திவையுங்கள். முதல் நாளே சேர்த்தால் ஆட்கள் மிரண்டுவிடுகிறார்கள்.

4. வினவல் வகைகளைப் பாக்கெட்டைப் பார்த்து எழுதுங்கள்

சோதனை ரிசால்வரை ரீஸ்டார்ட் செய்து கேஷைக் காலியாக்குங்கள். பாக்கெட் பிடிப்பதைத் தொடங்குங்கள். இன்னொரு மெஷினிலிருந்து, உங்கள் பொறுப்பில் உள்ள ஒரு டொமைன் பெயரின் ஏ ரெக்கார்டை (ஐ.பி.வி.4 முகவரியை) டிக் மூலம் கேளுங்கள்.

முதல் பாக்கெட் உங்கள் மெஷினிலிருந்து ரிசால்வருக்குப் போகிறது, ஆர்.டி. 1. அடுத்து ரிசால்வரிலிருந்து ஒரு ரூட் சர்வருக்கு (பெயர் வரிசையின் உச்சியில் உள்ள சர்வர்) ஒன்று போகிறது. அதன் ஆர்.டி. பிட்டைப் பாருங்கள்: 0. பிறகு டாட் காம் போன்ற மேல்நிலை டொமைனின் சர்வருக்கு, அதுவும் 0. பிறகு உங்கள் டொமைனின் சர்வருக்கு, அதுவும் 0. கடைசியில் உங்கள் மெஷினுக்குத் திரும்பி வரும் பதிலில் ஆர்.டி., ஆர்.ஏ. இரண்டும் 1, ஏ.ஏ. 0.

எதிர்பார்த்ததைவிட நிறைய பாக்கெட் ஓடும், பயப்பட வேண்டாம். காலி கேஷோடு எழுந்த ரிசால்வர், கையிலுள்ள முகவரிக் குறிப்பை வைத்து முதலில் ரூட் சர்வர்களின் பட்டியலையே கேட்டு வாங்கிக்கொள்ளும். ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். இதற்குப் பெயர் ப்ரைமிங். சரிபார்ப்பு இயங்கினால் சாவி கேட்கும் வினவல்களும் கலந்து வரும். உங்கள் பெயரை வைத்து வடிகட்டிப் பார்த்தால் கதை தெளிவாகிவிடும். வடிகட்டி ஒன்றும் காணோமென்றால் 10-ஆம் படியின் முதல் சோதனையைப் படியுங்கள். அதில் காரணம் இருக்கிறது.

இப்போது எழுதலாம். ரிகர்சிவ் வினவல்: ஆர்.டி. பிட் 1 ஆக உள்ள வினவல். அவ்வளவுதான். "சர்வர் தேடிக் கண்டுபிடித்துத் தரும் வினவல்" என்று நீட்டாதீர்கள். அது விருப்பம் மட்டுமே. சர்வர் முடியாது என்று சொல்லலாம். அதிகாரபூர்வ சர்வரிடம் (டொமைனின் தரவைத் தானே வைத்திருக்கும் சர்வர்) ஆர்.டி. 1 வைத்துக் கேட்டுப் பாருங்கள். பதில் வரும், ஆனால் ஆர்.ஏ. 0. ரிகர்ஷன் கேட்டீர்கள், இங்கே கிடைக்காது என்று டிக் எச்சரிக்கையும் காட்டும். அனுப்பியது ரிகர்சிவ் வினவல்தான், நடந்தது ரிகர்ஷன் இல்லை.

நான்-ரிகர்சிவ் வினவல்: ஆர்.டி. 0.

இட்டரேட்டிவ் ரெசல்யூஷன்: வருகிற ரெஃபரல்களைப் பின்தொடர்ந்து அடுத்தடுத்த சர்வரைக் கேட்டுக்கொண்டே போகும் வேலை. வினவல் என்பது ஒரு செய்தி, ரெசல்யூஷன் என்பது பல செய்திகள் சேர்ந்த ஒரு வேலை. இந்த இரண்டையும் ஒரே வரையறைக்குள் போட்டுக் குழைப்பதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை. "ரிசால்வர் ரூட்டுக்கு ரிகர்சிவ் வினவல் அனுப்புகிறது" என்று பயிற்சிக் குறிப்புகளிலேயே எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதியவரிடம் வாய்ப்பேச்சு வேண்டாம், அந்த 0-வைக் காட்டுங்கள்.

டிக் கருவியின் ட்ரேஸ் தெரிவு இங்கே ஒரு பொறி. அதில் ரூட்டிலிருந்து படிப்படியாக இறங்குவது திரையில் அழகாகத் தெரியும். ஆனால் இறங்குவது டிக், உங்கள் ரிசால்வர் இல்லை. ரூட் பட்டியலை மட்டும் ரிசால்வரிடம் வாங்கிக்கொண்டு மிச்ச தூரத்தை டிக் தானே நடக்கிறது. அதனால் ட்ரேஸில் சரியாக வந்தது ரிசால்வரில் தவறாக வரலாம். "ட்ரேஸ் ஓகே, அதனால் ரிசால்வர் ஓகே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

5. பதில் வகைகள்: இங்கே நிதானமாக இருங்கள்

பட்டியலில் அதிகத் தகராறு வரும் பகுதி இதுதான். எந்தப் பதிலாக இருந்தாலும் ஒரே வரிசையில் பார்க்கப் பழகுங்கள்: முதலில் பதில் குறியீடு, அடுத்து விடைப் பகுதி, அடுத்து அதிகாரப் பகுதி, கடைசியில் ஏ.ஏ. பிட். குறியீட்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினால் மூன்று வெவ்வேறு பதில்கள் ஒன்றாகத் தெரியும்.

ஏனென்றால் நோ-எர்ரர் என்ற குறியீடு மூன்று நிலைமைகளில் வருகிறது.

விடைப் பகுதியில் கேட்ட ரெக்கார்டு இருந்தால், அது விடை.

விடைப் பகுதி காலி, அதிகாரப் பகுதியில் என்.எஸ். ரெக்கார்டுகள் (பொறுப்பான சர்வர்களின் பெயர்கள்), ஏ.ஏ. 0 என்றால், அது ரெஃபரல். "எனக்குத் தெரியாது, இவர்களிடம் கேள்."

விடைப் பகுதி காலி, அதிகாரப் பகுதியில் எஸ்.ஓ.ஏ. ரெக்கார்டு (டொமைனின் நிர்வாக விவரம்) என்றால், அது நோ-டேட்டா. "பெயர் இருக்கிறது, நீ கேட்ட வகை அதில் இல்லை."

நோ-டேட்டா என்று ஒரு குறியீடு எந்தப் பாக்கெட்டிலும் கிடையாது. மேற்சொன்ன அடையாளங்களிலிருந்து நாம் ஊகித்துக்கொள்ளும் நிலைமை அது. குறியீட்டுப் பட்டியலில் தேடிக் களைத்துப்போகும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் வரையறையிலேயே இதை எழுதிவிடுங்கள்.

என்.எக்ஸ்.டொமைன் வேறு. குறியீடு 3. அந்தப் பெயரே இல்லை, எந்த வகையில் கேட்டாலும் இல்லை. 2016-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8020 இன்னொன்றையும் தெளிவாக்கியது: ஒரு பெயருக்கு என்.எக்ஸ்.டொமைன் வந்தால் அதற்குக் கீழேயும் ஒன்றும் இல்லை.

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு பெயருக்கு ஐ.பி.வி.4 முகவரி மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். ஐ.பி.வி.6-க்கான குவாட்-ஏ ரெக்கார்டைக் கேட்டால் நோ-டேட்டா வர வேண்டும். ஒரு மோசமான சர்வர் அதற்கு என்.எக்ஸ்.டொமைன் என்று பதில் சொல்லிவிட்டால், பெயரே இல்லை என்று ரிசால்வர் நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு ஐ.பி.வி.4 முகவரி கேட்டு வருபவருக்கும் அதே கதிதான். வரையறையில் ஒரு சொல் பிசகினால் அலார விதியும் பிசகும், மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

புதியவர்களைத் தடுக்கிவிடும் இன்னொரு இடம், காலியான இடைநிலைப் பெயர். "அ.ஆ.எக்ஸாம்பிள்.காம்" என்ற பெயருக்கு ரெக்கார்டு இருக்கிறது, "ஆ.எக்ஸாம்பிள்.காம்" என்பதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டாவதைக் கேட்டால் என்ன வர வேண்டும்? நோ-டேட்டா. கீழே ஒரு பெயர் தொங்கிக்கொண்டிருப்பதால் மேலே உள்ள பெயரும் இருப்பதாகத்தான் கணக்கு.

சி-நேம் (இந்தப் பெயருக்குப் பதில் அந்தப் பெயரைப் பார் என்னும் ரெக்கார்டு) வந்தால் விடைப் பகுதி காலியாக இருக்காது, ஆனால் விடை முடிந்ததாகவும் ஆகாது. சங்கிலியின் கடைசிப் பெயர் இல்லாமல் போனால், விடைப் பகுதியில் சி-நேமும் குறியீட்டில் என்.எக்ஸ்.டொமைனும் சேர்ந்தே வரும். குறியீடு சங்கிலியின் கடைசிப் பெயரைப் பற்றியது என்று வரையறையில் ஒரு வரி சேருங்கள்.

வெட்டுப்பட்ட பதிலைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. யு.டி.பி.-யில் முதலில் 512 பைட் எல்லை. இ.டி.என்.எஸ். என்ற விரிவாக்கம் வந்த பிறகு கேட்பவரே தன் எல்லையைச் சொல்லலாம், 2020-க்குப் பிறகு பலரும் வைப்பது 1232. அது போதும்.

6. இப்போதுதான் பாத்திரங்கள்

வினவலும் பதிலும் வரையறுக்கப்பட்டுவிட்டன. இனி ரிசால்வரை எழுதலாம், வட்டம் சுற்றாது. ஒரு விதி மட்டும்: பெட்டிக்குப் பெயர் வைக்காதீர்கள், வேலைக்குப் பெயர் வையுங்கள். ஒரே மெஷின் ஒரு வினவலுக்கு ஒன்றாகவும் அடுத்த வினவலுக்கு வேறொன்றாகவும் நடந்துகொள்ளும்.

ஸ்டப் ரிசால்வர்: ஆர்.டி. 1 வைத்து அனுப்புவது, ரெஃபரல் வந்தால் பின்தொடரத் தெரியாதது. பெரும்பாலும் இயங்குதளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பல லினக்ஸ் மெஷின்களில் 127.0.0.53 என்ற முகவரியில் ஒன்று கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கேஷும் வைத்திருக்கிறது. கேஷ் இருப்பதால் அது ரிகர்சிவ் ரிசால்வர் ஆகிவிடாது. ரூட்டிலிருந்து தானே இறங்கி வருகிறதா என்பதுதான் கேள்வி.

ரிகர்சிவ் ரிசால்வர்: முன்பக்கம் ஆர்.டி. 1 வாங்கி, பின்பக்கம் ஆர்.டி. 0 அனுப்பி, ரெஃபரல்களைப் பின்தொடர்ந்து, முடிந்த விடையைத் திருப்பித் தருவது. இதற்கு ஃபுல் ரிசால்வர், ஃபுல் சர்வீஸ் ரிசால்வர், கேஷிங் சர்வர் என்று பழைய பெயர்கள் பல. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றுக்கு "ரிகர்சிவ் ரிசால்வரைப் பார்க்க" என்று எழுதிவிடுங்கள்.

அடுத்தது ஃபார்வர்டர். என் ஷிஃப்ட் குறிப்பேட்டுக் கதையின் வில்லன். முன்பக்கம் ஆர்.டி. 1, பின்பக்கமும் ஆர்.டி. 1 என்றால் அங்கே ஃபார்வர்டிங் நடக்கிறது. இதுவரை சிக்கல் இல்லை. அந்த இரண்டு சர்வர்களில் யார் ஃபார்வர்டர் என்று கேட்டால்தான் சண்டை. பேச்சு வழக்கில், வினவலை அடுத்தவருக்குத் தள்ளிவிடும் மெஷினைச் சொல்கிறார்கள். 1998-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2308-இன்படி, தள்ளிவிடப்பட்ட வினவலை வாங்கித் தீர்த்துவைப்பதே ஃபார்வர்டர். பைண்ட் கான்ஃபிக்கில் ஃபார்வர்டர்ஸ் என்ற வரியில் நீங்கள் எழுதுவதும் வினவலை வாங்கப்போகும் முகவரிகளைத்தான். ஒரே சொல், நேரெதிர் இரண்டு மெஷின்கள்!

இதற்கு நான் கண்ட ஒரே வழி, அந்தச் சொல்லைத் தனியாகப் பயன்படுத்தக் கூடாது என்று பட்டியலில் தடைபோட்டதுதான். "தள்ளிவிடும் ரிசால்வர்", "வாங்கிக்கொள்ளும் ரிசால்வர்" என்று எழுதுகிறோம். கேட்க அழகாக இல்லை. ஆனால் அதற்கப்புறம் யாரும் தவறான மெஷினை ரீஸ்டார்ட் செய்யவில்லை.

அதிகாரபூர்வ சர்வர்: ஒரு ஸோனின் (ஒரே நிர்வாகத்தில் உள்ள பெயர்ப் பகுதி) தரவைத் தன்னிடமே வைத்து, ஏ.ஏ. 1 உடன் பதில் சொல்வது. பைண்ட் போன்ற மென்பொருள் இந்த வேலையையும் ரிகர்சிவ் வேலையையும் சேர்ந்தே செய்யக்கூடியது. அதனால் "இது அதிகாரபூர்வ சர்வரா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "இந்த ஸோனுக்கு அதிகாரபூர்வமா?" என்று கேளுங்கள்.

7. கேஷ் சொற்கள்

டி.டி.எல்.: ஒரு ரெக்கார்டு தொகுதியை இத்தனை நொடி வரை மறுபடி கேட்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று ஸோனின் உரிமையாளர் கொடுக்கும் எல்லை. அதற்கு முன்பே ரிசால்வர் தூக்கி எறியலாம், தப்பில்லை.

காட்டுவது எளிது. அதிகாரபூர்வ சர்வரிடம் கேட்டால் டி.டி.எல். 300 என்று வருகிறது. பத்து நொடி கழித்துத் திரும்பக் கேட்டாலும் 300. ரிசால்வரிடம் கேட்டால் முதலில் 300, பத்து நொடி கழித்து 290. எண் இறங்கினால் கேஷிலிருந்து வருகிறது. பொது ரிசால்வரில் இதைச் செய்யும்போது 290, அப்புறம் 120, அப்புறம் 285 என்று எண் முன்னும் பின்னும் தாவலாம். ஒரே முகவரிக்குப் பின்னால் பல மெஷின்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கேஷ் என்பதுதான் காரணம். முதல் படியில் சொந்த ரிசால்வர் வேண்டும் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

"டி.என்.எஸ். மாற்றம் பரவிக்கொண்டிருக்கிறது" என்ற வாசகத்தைப் பட்டியலிலிருந்து துரத்துங்கள். ரிசால்வர்களை நோக்கி எதுவும் பரவுவதில்லை. ஒவ்வொரு கேஷிலும் பழையது காலாவதி ஆகிறது, அடுத்த முறை கேட்கும்போது புதியது வருகிறது. பரவுகிறது என்று நினைப்பவர், மாற்றத்தைச் செய்துவிட்டுக் காத்திருப்பார். காலாவதி என்று புரிந்தவர், மாற்றத்துக்கு முன்பே டி.டி.எல்.-ஐக் குறைத்துவைப்பார்.

நெகட்டிவ் கேஷிங்: "இல்லை" என்ற பதிலையும் வைத்துக்கொள்வது. எவ்வளவு நேரம்? எஸ்.ஓ.ஏ. ரெக்கார்டின் டி.டி.எல்., அதற்குள்ளே கடைசியில் இருக்கும் மினிமம் எண், இரண்டில் எது சிறியதோ அது. புதுப் பெயரை உருவாக்கும் முன்பே அவசரப்பட்டு ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு, உருவாக்கிய பிறகும் வரவில்லையே என்று புலம்புபவர்கள் எப்போதும் உண்டு. அவர்கள் கேட்டதாலேயே அந்த "இல்லை" கேஷில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

சர்வ்-ஸ்டேல்: அதிகாரபூர்வ சர்வர்களை எட்ட முடியாதபோது காலாவதியான விடையையே தருவது. 2020-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8767 இதை வரையறுக்கிறது. அப்படித் தரும் விடைக்கு 30 நொடி டி.டி.எல். வைக்கவும் அது பரிந்துரைக்கிறது. "டி.டி.எல். முடிந்தால் விடை கண்டிப்பாகப் போய்விடும்" என்று எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.

8. டெலிகேஷனும் க்ளூவும்

டெலிகேஷன் என்பது பெற்றோர் ஸோனில் என்.எஸ். ரெக்கார்டு வைத்து, கீழே உள்ள பகுதியை இன்னொரு சர்வரிடம் ஒப்படைப்பது. ரெஃபரல் என்பது அந்த ஒப்படைப்பைச் சொல்லும் பதில். ஒன்று தரவில் இருக்கும் நிலைமை, மற்றது கம்பியில் ஓடும் செய்தி. இரண்டையும் ஒரே பொருளில் எழுதக் கூடாது.

க்ளூ ஏன் வேண்டும் என்பதை வாக்கியத்தில் சொன்னால் புரியாது, முட்டுச்சந்தைக் காட்டுங்கள். எக்ஸாம்பிள்.காம் ஸோனின் சர்வர் பெயர் என்.எஸ்.1.எக்ஸாம்பிள்.காம். அதன் முகவரி யாருக்குத் தெரியும்? எக்ஸாம்பிள்.காம் ஸோனுக்கு. அந்த ஸோனைக் கேட்க எங்கே போக வேண்டும்? என்.எஸ்.1.எக்ஸாம்பிள்.காமிடம். பூட்டுக்குள் சாவி. அதனால் டாட் காம் சர்வர், ரெஃபரலோடு அந்த முகவரியையும் கூடுதல் பகுதியில் சேர்த்து அனுப்புகிறது. அதுதான் க்ளூ.

9. தோல்விச் சொற்கள்

சர்வ்-ஃபெயில், குறியீடு 2. இதற்கு "சர்வர் கெட்டுவிட்டது" என்று எழுதுவது மிகப் பழைய தவறு. ரிசால்வர் நன்றாகவே இருக்கலாம். விடையைப் பெறவோ சரிபார்க்கவோ முடியவில்லை என்பதுதான் செய்தி.

இரண்டையும் பிரிக்க சி.டி. பிட் உதவும். சி.டி. 1 என்றால், "சரிபார்ப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தடுக்காதே" என்று பொருள். சர்வ்-ஃபெயில் தந்த அதே கேள்வியை சி.டி. வைத்து மறுபடி அனுப்புங்கள். இப்போது விடை வந்தால் சிக்கல் டி.என்.எஸ்-செக் சரிபார்ப்பில். அப்போதும் சர்வ்-ஃபெயில் என்றால், அந்தப் பக்கத்துச் சர்வர்களை எட்ட முடிகிறதா என்று பாருங்கள். ஏ.டி. பிட் இதற்கு நேர்மாறு: பதிலில் 1 ஆக வந்தால், ரிசால்வர் சரிபார்த்துத் திருப்தியடைந்திருக்கிறது.

ரெஃப்யூஸ்டு, குறியீடு 5: சொல்ல மாட்டேன் என்ற கொள்கை முடிவு. அன்பவுண்ட், சாதாரண அனுமதி விதியில், ஆர்.டி. 0 வைத்துக் கேட்பவருக்கு இதைத்தான் தரும். அதன் கேஷில் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்க விடக் கூடாது என்பதற்காக. சோதனைக்காக அப்படிக் கேட்டுவிட்டு, ரிசால்வர் கெட்டுவிட்டதாக டிக்கெட் எழுப்பிய ஒருவரை எனக்குத் தெரியும். (நான்தான்.)

டைம்-அவுட் என்பது பதிலே வராதது. அதற்குக் குறியீடு கிடையாது. ரிசால்வருக்கு வந்த டைம்-அவுட், உங்களுக்கு சர்வ்-ஃபெயிலாக வந்து சேரலாம். எனவே எந்தத் தோல்விச் சொல்லுக்கும் "யாருக்கும் யாருக்கும் இடையே" என்று சேர்த்து எழுதுங்கள்.

10. எழுதியதை உடைத்துப் பாருங்கள்

முதல் சோதனை, பழைய வழக்கம் மாறியிருக்கிறதா என்பது. "ரிசால்வர் முழுப் பெயரையும் ரூட்டிடம் கேட்கும்" என்று பல குறிப்புகளில் இருக்கும். கியூ-நேம் மினிமைசேஷன் இயங்கும் ரிசால்வரில் அது பொய். 2021-இல் வந்த ஆர்.எஃப்.சி. 9156-இல் விளக்கப்பட்டிருக்கும் இந்த முறையில், ரூட்டிடம் டாட் காம் பற்றி மட்டும் கேட்கும், டாட் காமிடம் அடுத்த துண்டு வரை மட்டும் கேட்கும். நான்காம் படியில் உங்கள் பெயரை வைத்து வடிகட்டியபோது ரூட்டுக்குப் போன பாக்கெட் காணாமல் போயிருந்தால், இதுதான் காரணம்.

இரண்டாவது சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒரே பாக்கெட் பதிவை இருவருக்கும் கொடுத்து, ஒவ்வொரு செய்திக்கும் பட்டியலில் உள்ள சொல்லை மட்டும் வைத்துப் பெயரிடச் சொல்லுங்கள். பேசிக்கொள்ளக் கூடாது. இருவரும் வேறு வேறு எழுதிய இடங்களைத் திருத்துங்கள். எங்கள் குழுவில் முதல் சுற்றில் மாட்டியவை ரெஃபரலும் நோ-டேட்டாவும். அதற்குப் பிறகுதான் ஐந்தாம் படியில் உள்ள பார்க்கும் வரிசையை எழுதினேன்.

மூன்றாவது, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் எந்த ஆர்.எஃப்.சி., எந்த ஆண்டு என்று குறித்துவையுங்கள். சொற்கள் ஓய்வுபெறுகின்றன. இன்-பெய்லிவிக், அவுட்-ஆஃப்-பெய்லிவிக் என்று சர்வர் பெயர்களை வகைப்படுத்திய ஜோடியை 9499 பழங்கதைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, இன்-டொமைன், சிப்ளிங் டொமைன் என்று எழுதச் சொல்கிறது. எங்கள் தாளில் அந்த வரியை அழிக்கவில்லை, கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறோம். பழைய கையேடுகளைப் படிக்கும் புதியவர் எப்படியும் அதைத் தேடி வருவார்.